பாகூர் கடைநிலையம்: ஒரு மாதிரி ரயில் பாதை மறுபடி வரையப்பட்ட விதம்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கும் என் நண்பர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். தம் வீட்டு மாடி அறையில் அமைத்திருந்த மாதிரி ரயில் பாதையைப் பிரித்துப் புதிதாகப் போட முடிவு செய்தபோது, வரைபடத்தை என்னிடம் ஒப்படைத்தார். அந்த வேலை எப்படி நடந்தது, ஒவ்வொரு முடிவுக்கும் எந்தக் கணக்கு அடிப்படையாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நம் ஊர்களில் இந்தக் கலையில் ஈடுபட்டிருக்கும் பலருக்கும் இதே சிக்கல் உண்டு. வண்டிகள் அருமையாக இருக்கும், மரங்களும் வீடுகளும் கைத்திறனோடு செய்யப்பட்டிருக்கும், ஆனாலும் மொத்தமாகப் பார்க்கும்போது ரயில்வே என்ற எண்ணம் வராது. குறை பெரும்பாலும் தண்டவாளம் போடப்பட்ட விதத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தண்டவாளமும் ஒரு வேலைக்காகப் போடப்பட்டிருந்தால், அலங்காரம் குறைவாக இருந்தாலும் கண் அதை நம்பிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இருந்த அமைப்பு

8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையின் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நீள்வட்டங்கள் இருந்தன. அவற்றை இணைக்கவும், நடுவில் ஒரு முனையில் முடிந்துவிடும் நான்கு முட்டுப்பாதைகளைப் பிரிக்கவும், வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் 11 பாயிண்டுகள் போடப்பட்டிருந்தன. ஒரு மூலையில் மலையும் சுரங்கப்பாதையும் இருந்தன. உள்வட்டம் 1-க்கு 25 (25 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. உயர்வு) என்ற ஏற்றத்தில் ஏறி வெளிவட்டத்தைக் கடந்தது. வளைவுகளின் ஆரம் 45 செ.மீ.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாதிரி உலகில் பரவலாக உள்ள ஹெச்ஓ அளவு 1-க்கு 87. நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர் வருகிறது. அதில் கால் பங்குக்கும் குறைவான ஆரத்தில், 25 செ.மீ. நீளப் பெட்டி திரும்பும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் பிதுங்கி நிற்கின்றன. ஏற்றமும் அப்படித்தான். 1-க்கு 25 என்பது நீலகிரி மலைப்பாதையில் குன்னூருக்கு மேலே உள்ள ஏற்றத்தை நெருங்கும் அளவு. நம் நாட்டு விதிகளின்படி நிலைய எல்லைக்குள் ஏற்றம் பொதுவாக 1-க்கு 400-ஐத் தாண்டக்கூடாது, அதாவது 4 மீட்டர் நீளப் பலகையில் 1 செ.மீ.

இவற்றைவிடப் பெரிய குறை வேறு. அந்த நான்கு முட்டுப்பாதைகளும் எதற்காக இருந்தன என்று கேட்டால் பதில் கிடைக்கவில்லை. ஒன்றில் நிறுத்திய வேகனை வெளியே எடுக்க, என்ஜின் வட்டம் முழுவதையும் சுற்றி வர வேண்டும். வண்டி புறப்படும் இடத்துக்கே திரும்பி வந்து, மறுபடி அதே இடத்துக்குப் புறப்பட்டது. பார்த்துக்கொண்டிருப்பதற்கு இனிமையானதுதான், குழந்தைகள் உள்ள வீட்டில் அதற்கென்று ஓர் இடமும் உண்டு. ஆனால் நண்பருக்கு வேண்டியிருந்தது தாம் சிறுவயதில் பார்த்த ரயில்வே.

இடமும் காலமும்

வரைபடத்துக்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்: இது எந்த ஊர், எந்தக் காலம்? இவை தெரிந்துவிட்டால் பாதி வரைபடம் தானாகவே அமைந்துவிடும்.

விழுப்புரம்–புதுச்சேரி கிளைப்பாதை 1879-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 38 கி.மீ. நீளமுள்ள ஒற்றைப்பாதை, வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரியில் முடிகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை அது மீட்டர் பாதையாகவே இருந்தது. புதுச்சேரியிலிருந்து தெற்கே கடலூருக்கு நேர்ப்பாதை இன்றுவரை கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் செல்லும் கடற்கரைப் பாதைத் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டும் கட்டி முடிக்கப்படவில்லை. இந்த இடைவெளியே எங்களுக்கு வழி காட்டியது. வில்லியனூரில் தெற்கே பிரிந்து கடலூரை நோக்கிப் போடத் தொடங்கிய ஒரு கிளை, பணம் போதாமல் பாகூரோடு நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டோம். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். பெரிய ஏரி உண்டு, தெற்கே தென்பெண்ணை ஓடுகிறது. நெல் வெளியே போகும், உரமும் சிமெண்டும் உள்ளே வரும், காலையும் மாலையும் விழுப்புரத்துக்கு ஒரு பயணி வண்டி இருக்கும். ஒரு சிறு கடைநிலையத்துக்கு இவ்வளவு வேலை போதுமானது.

உண்மையில் உள்ள நிலையம் ஒன்றையே அப்படியே செய்யலாமே என்று நண்பர் முதலில் கேட்டார். புதுச்சேரி நிலையத்தையே எடுத்துக்கொள்ளும் ஆசை அவருக்கு இருந்தது. உண்மை நிலையத்தைச் சுருக்கும்போது எதை விட்டாலும் அது குறையாகவே தெரியும். தெரிந்தவர்கள் வந்து விடுபட்டதைத்தான் எண்ணுவார்கள். உண்மையான நிலப்பரப்பில், உண்மையான வழக்கங்களின்படி, கட்டப்படாத ஒரு நிலையத்தைக் கட்டினால் சுருக்கம் குறையாகத் தெரியாது. ஏனெனில் அந்த நிலையம் தொடக்கத்திலிருந்தே அவ்வளவு சிறியதுதான்.

காலத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் அதிக விவாதம் நடந்தது. நண்பரிடம் இருந்தவை 16.5 மி.மீ. இடைவெளியுள்ள ஹெச்ஓ பாதையும் அதற்குரிய வண்டிகளும். அந்த இடைவெளி 1435 மி.மீ. கொண்ட அயல்நாட்டு நிலையான பாதைக்கு உரியது. நம் அகலப்பாதையின் 1676 மி.மீ.ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும், ஏறத்தாழ 3 மி.மீ. குறைகிறது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது இது பெரிதாகத் தெரியாது, ஆனால் வண்டி எதிரே வரும் கோணத்தில் பெட்டி குறுகிய கால்களில் நிற்பதுபோல் தோன்றும். நீளத்திலும் சிக்கல் உண்டு. மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதில் சேரும் பக்கப்பாதைகளான லூப்புகளுக்கு அகலப்பாதையில் வழக்கமான அளவு 686 மீட்டர், சுருக்கினால் 7.9 மீட்டர். அறையின் நீளமோ 5 மீட்டர்தான். மேலும், இன்றைய அகலப்பாதையில் சரக்குகள் ரேக் எனப்படும் முழு வண்டியாகவே செல்கின்றன. ஒரு வேகன் நெல்லை ஒரு சிறு நிலையத்தில் கழற்றிவிட்டுப் போகும் வழக்கம் மறைந்துவிட்டது. வேகன்களைக் கழற்றி, மாட்டி, இடம் மாற்றும் ஷண்டிங் வேலை இல்லாத கடைநிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் தவிரச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

மீட்டர் பாதையோ எல்லா வகையிலும் கைகொடுக்கிறது. 1000 மி.மீ.ஐ 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதைகளை மாதிரியாகச் செய்பவர்களுக்காக 12 மி.மீ. பாதையும் சக்கர அமைப்புகளும் கிடைக்கின்றன. வித்தியாசம் அரை மி.மீ. மட்டுமே. மீட்டர் பாதையில் அனுமதிக்கப்பட்ட கூர்மையான வளைவின் ஆரம் 109 மீட்டர், சுருக்கினால் 1.25 மீட்டர், அறைக்குள் அடங்கக்கூடிய அளவு. பெட்டிகள் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமானவை; மாதிரியில் 23 செ.மீ. நான்கு சக்கர மூடிய வேகன்கள் 8 செ.மீ. அளவில் அடங்கிவிடும். எனவே 1970-களின் மீட்டர் பாதை என்று முடிவானது. அப்போது சென்னை கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் பாதை மின்மயமாகியிருந்தது. விழுப்புரத்துக்குத் தெற்கே ஒய்.பி., ஒய்.ஜி. நீராவி என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பழைய வண்டிகளை ஒதுக்கிவைக்க நண்பருக்கு மனம் ஒப்ப நாளானது. பெட்டிகளின் மேற்கூடுகளை அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் தாமே செய்யலாம் என்ற எண்ணம் வந்தபிறகு, அவர் என்னைவிட ஆர்வமாகிவிட்டார்.

எதைச் சுருக்குவது, எதைத் தொடாமல் விடுவது

அறை 5 மீட்டருக்கு 3 மீட்டர். நீளச் சுவரையும் குறுக்குச் சுவரையும் ஒட்டி ‘ட’ வடிவில் 60 செ.மீ. அகலப் பலகை. மூலை வளைவுக்கு இரு சுவர்களிலும் 85 செ.மீ. ஒதுக்கினால், நீளச் சுவரில் காட்சிக்குரிய பகுதி ஏறத்தாழ 4.1 மீட்டர், குறுக்குச் சுவரில் 2.15 மீட்டர் மிஞ்சுகிறது. அந்தக் குறுக்குப் பகுதி விழுப்புரத்தின் இடத்தில் நிற்கும் மறைவு யார்டு, அதாவது பார்வைக்குத் தெரியாமல் வண்டிகள் காத்திருக்கும் இடம். மூலை வளைவு பார்வைக்கு மறைவாகவே இருப்பதால் அங்கே 70 செ.மீ. ஆரத்தை ஏற்றுக்கொண்டோம். மிக நீளமான பெட்டியின் மூன்று மடங்குக்குக் குறையாத ஆரம் இருந்தால் வண்டி நம்பகமாக ஓடும் என்ற அனுபவ விதிக்கு அது பொருந்துகிறது. காட்சிப் பகுதியில் 1.25 மீட்டருக்குக் குறைந்த ஆரமே கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சுருக்கத்தில் நான் கடைப்பிடித்த முறை இதுதான்: பொருளின் அளவைத் தொடக்கூடாது, எண்ணிக்கையைக் குறைக்கலாம், வெற்றுத் தூரத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். மீட்டர் பாதையில் தண்டவாளத்தைத் தாங்கும் மரக் கட்டை 1800 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், மாதிரியில் 20.7 மி.மீ., 2.3 மி.மீ. இது மாறவே கூடாது. நடைமேடையின் உயரம் 305 முதல் 405 மி.மீ. வரை, மாதிரியில் 4 மி.மீ. வண்டியின் அடிச்சட்டம் வரை உயர்ந்து நிற்கும் நடைமேடையை மீட்டர் பாதை நிலையத்தில் வைத்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் பார்ப்பவருக்கு ஏதோ இடறும். பக்கத்துப் பக்கத்துப் பாதைகளின் மையங்களுக்கு இடையே 50 மி.மீ. வைத்தோம். ஆனால் பத்துப் பெட்டி வண்டி ஐந்து பெட்டியாகலாம், மூன்று லூப்புகள் ஒன்றாகலாம், நிலையத்துக்குள் நுழைய அனுமதிக்கும் ஹோம் சிக்னலுக்கும் முதல் பாயிண்டுக்கும் இடையேயுள்ள தூரம் கால்வாசியாகலாம்.

முட்டிலிருந்து தொடங்கும் வரைபடம்

வரைபடத்தை நுழைவாயிலிலிருந்து வரையாமல், பாதை முடிகிற இடத்தில் உள்ள தடுப்பான பஃபரிலிருந்து வரைந்தேன். கடைநிலையத்தில் மிக இறுக்கமான கணக்கு அங்கேதான் இருக்கிறது. வந்து சேர்ந்த என்ஜின் வண்டியை விட்டுக் கழன்று, முன்னால் சென்று, பக்கத்து லூப் வழியாகப் பின்னால் வந்து, வண்டியின் மறுமுனையில் சேர வேண்டும். அதற்கு நடைமேடைக்கு அப்பால் என்ஜின் முழுவதும் நிற்க இடம் வேண்டும்.

ஒய்.பி. என்ஜின், நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு ஏறத்தாழ 19 மீட்டர். மாதிரியில் 22 செ.மீ. பஃபருக்கும், கழன்ற என்ஜினை லூப்புக்குத் திருப்பும் விடுவிப்புப் பாயிண்டுக்கும் இடையே 28 செ.மீ. ஒதுக்கினோம். அந்தப் பாயிண்டுக்கு 24 செ.மீ. அடுத்து, ஐந்து பெட்டிகள் நிற்கும் தூரம் 115 செ.மீ.; கழற்றவும் மாட்டவும் 10 செ.மீ. தளர்வு சேர்த்து 125. பின்னர் நுழைவுப் பாயிண்டு இன்னொரு 24. ஆக 201 செ.மீ.இல் நிலையம் முடிந்துவிடுகிறது. 410-இல் 209 செ.மீ. மிஞ்சுகிறது.

சரக்குப் பாதை எங்கே பிரிய வேண்டும் என்பது அடுத்த கேள்வி. மெயின் லைனிலிருந்தே பிரித்தால் இன்னொரு பாயிண்டு மெயின் லைனில் வந்து சேரும். நம் ரயில்வேயில் சரக்கு ஏற்றி இறக்கும் பாதைகளான சைடிங்குகளைக் கூடியவரை லூப்பிலிருந்துதான் பிரிப்பார்கள். மெயின் லைனில் வண்டி கடக்கும் பாயிண்டுகள் குறைவாக இருப்பது பாதுகாப்பு. எனவே லூப்பில் நுழைந்தவுடனேயே சைடிங் பிரியும்படி வைத்தோம். லூப்பில் வண்டி நிற்பதில்லை, என்ஜின் கடந்து போவதற்குத்தான் அது இருக்கிறது என்பதால், இந்தப் பாயிண்டால் நிலையத்தின் நீளம் ஒரு செ.மீ. கூடக் கூடவில்லை. சைடிங்கில் நிற்கும் வேகன் தானாக உருண்டு லூப்புக்குள் வராமல் தடுக்க, வாயில் ஒரு டீரெயிலிங் சுவிட்ச் வைக்கப்பட்டது. உருண்டு வருகிற வேகனைப் பாதையிலிருந்து இறக்கிவிடுவதே அதன் வேலை. மாதிரியில் இது அசைவதில்லை என்றாலும் இருக்க வேண்டும். ரயில்வேயில் பணிபுரிந்தவர்கள் வந்தால் முதலில் தேடுவது இதைத்தான்.

இப்படி 11 பாயிண்டுகள் 3 ஆயின. நண்பருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. என்ஜின் ஷெட் ஒன்றும், அரிசி ஆலைக்குத் தனிப் பாதை ஒன்றும் வேண்டும் என்றார். பெரிய நீராவி ஷெட் விழுப்புரத்தில் இருக்கும்போது, காலையில் வந்து மாலைக்குள் திரும்பிவிடும் என்ஜினுக்குப் பாகூரில் ஷெட் எதற்கு? தண்ணீர் பிடிக்கும் குழாயும் சாம்பல் குழியும் போதும். அவற்றின் இடம் குறித்து, கடலூர் முதுநகரில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் விசாரித்தோம். வரைபடத்தில் குழாய் நிலையக் கட்டடத்தின் அருகே இருந்ததைப் பார்த்து, “என்ஜின் எங்க நிக்குதோ அங்கதான் தண்ணி வரணும் தம்பி, தண்ணி இருக்கிற இடத்துக்கு என்ஜின் போவாது” என்றார். வண்டி வந்து நிற்கும்போது டெண்டர் எந்த இடத்தில் இருக்குமோ அங்கே, நடைமேடையின் கிழக்கு முனைக்கு நேராகக் குழாய் மாறியது. அரிசி ஆலைக்குத் தனிப் பாதை தேவைப்படவில்லை. ஒரே சைடிங்கில் வாய்ப்பக்கம் நெல் ஏற்றும் மேடையும், முட்டுப்பக்கம் உரம் இறக்கும் இடமும் அமைந்தன. உர வேகனை உள்ளே தள்ள வேண்டுமானால் நெல் வேகனை முதலில் எடுக்க வேண்டும். ஒரு பாயிண்டைக் கூட்டாமல் ஷண்டிங் வேலை இரட்டிப்பானது இங்கேதான்.

காகிதச் சோதனை

வரைபடத்தை உண்மை அளவிலேயே அச்சிட்டு, தாள்களை ஒட்டிக் கூடத்துத் தரையில் விரித்தோம். என்ஜினுக்கு 22 செ.மீ., பெட்டிக்கு 23, வேகனுக்கு 8 என்று அட்டைத் துண்டுகள் வெட்டி, ஒரு நாள் கால அட்டவணையை அதன் மேல் நடத்திப் பார்த்தோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் பலகையில் ஆணி அடிக்கவே கூடாது என்பேன். எக்ஸ்டிராக்கேட் போன்ற இலவச மென்பொருள்களில் அழகாக வரையலாம், நாங்களும் அதில்தான் வரைந்தோம். ஆனால் தரையில் மண்டியிட்டு ஓர் அட்டை வேகனை நகர்த்தும்போது கிடைக்கும் தெளிவைத் திரை தருவதில்லை.

கிளைப்பாதைகளில் அன்று வழக்கமாக இருந்த கலப்பு வண்டியை எடுத்துக்கொண்டோம்: என்ஜின், மூன்று வேகன்கள், மூன்று பெட்டிகள். வேகன்கள் என்ஜினை அடுத்து இருப்பதாக வைத்து வண்டியை நடைமேடைக்குக் கொண்டுவந்தோம். என்ஜின் கழன்று, சுற்றி, மறுமுனைக்கு வந்தது. இப்போது வேகன்கள் பஃபர் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைச் சைடிங்கில் விட வேண்டுமானால் முழு வண்டியையும் நிலையத்துக்கு வெளியே இழுத்து, லூப்புக்குள் திருப்பித் தள்ளி, வேகன்களைச் சைடிங்கில் விட்டு, பெட்டிகளை மட்டும் இழுத்துவந்து நடைமேடையில் நிறுத்த வேண்டும். வெளியே இழுக்கும் நீளம் 22 + 24 + 69 = 115 செ.மீ. வேகன்கள் வண்டியின் வாலில் இருந்தாலோ, அவற்றை மட்டும் இழுத்தால் போதும், 46 செ.மீ.

இரண்டு வகையிலும் வண்டி அமையக்கூடும் என்பதால், நீளமான கணக்கையே வைத்துக்கொண்டோம். நுழைவுப் பாயிண்டிலிருந்து 120 செ.மீ. தொலைவில் ஷண்டிங் எல்லைப் பலகை நிற்கிறது. ஒற்றைப்பாதையில் நிலைய வேலைக்காக என்ஜின் எவ்வளவு தூரம் வெளியே வரலாம் என்பதைக் காட்டும் பலகை அது. இந்தக் கணக்கு இன்னொரு விவாதத்தையும் முடித்துவைத்தது. மிஞ்சிய 209 செ.மீ.இல் ஒன்றுமே இல்லாமல் ஒரே ஒரு தண்டவாளம் போவது நண்பருக்கு வீணாகப் பட்டது. அங்கே இன்னொரு சைடிங்கை அவர் பென்சிலால் வரைந்தே வைத்திருந்தார். அட்டை வண்டி அந்த இடத்தை நிரப்பியபிறகு, அது வெற்றிடமில்லை, நிலையத்தின் ஒரு பகுதியே என்பது அவருக்கே தெரிந்தது. எல்லைப் பலகைக்கு அப்பால் உள்ள 89 செ.மீ. உண்மையாகவே வேலையில்லாத பாதை. அதை நான் பிடிவாதமாக விடச்சொன்னேன். வண்டி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வருகிறது என்ற எண்ணம் பிறப்பது அந்த 89 செ.மீ.இல்தான்.

சோதனையில் வெளிப்பட்ட இன்னொன்று: வேகன்களைத் தற்காலிகமாக லூப்பில் நிறுத்தினால் என்ஜின் சுற்றிவர வழியில்லாமல் பஃபர் பக்கம் சிறைப்பட்டுவிடுகிறது. லூப் எப்போதும் காலியாகவே இருக்க வேண்டும் என்பது இந்த நிலையத்தின் வேலை விதியாயிற்று. அதற்கு ஈடாகச் சைடிங்கின் நீளம் ஆறு வேகனுக்கு 48 செ.மீ. என்றிருந்தது 64 செ.மீ. ஆனது.

மறைவு யார்டில் பாயிண்டுகளே இல்லை. முழு வண்டியின் நீளம் 137 செ.மீ.; 150 செ.மீ. நீளமுள்ள, நான்கு பாதைகள் கொண்ட நகரும் பலகை ஒன்று, மேசை இழுப்பறைக்கான சறுக்குச் சட்டங்களின் மேல் குறுக்காக நகர்கிறது. அதற்கப்பால் 30 செ.மீ. நீள அலுமினியக் கோணப் பட்டைத் துண்டு ஒன்று என்ஜினைத் தாங்கி, தூக்கி மறுமுனையில் வைக்க உதவுகிறது.

பாயிண்டின் கோணமும் தண்டவாளத்தின் உயரமும்

கடையில் கிடைக்கும் பாயிண்டுகள் பெரும்பாலும் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கூர்மையாகத் திரும்புகின்றன. பரவலாகப் பயன்படும் பெக்கோ ஸ்ட்ரீம்லைன் பாயிண்டுகளின் கோணம் 12 பாகை, அதாவது 1-க்கு 4.7. நம் ரயில்வேயில் யார்டுகளில்கூட 1-க்கு 8.5, பயணி வண்டி செல்லும் இடங்களில் 1-க்கு 12. கண்ணுக்கு இது உடனே தெரியும் வித்தியாசம். வண்டி பக்கத்துப் பாதைக்கு வழுக்கிப் போக வேண்டும். வெடுக்கென்று திரும்பினால் நீளமான பெட்டிகள் ஒன்றோடொன்று கோணலாக நிற்கும். வேண்டியிருந்தவை மூன்றே பாயிண்டுகள் என்பதால் அவற்றைக் கையாலேயே செய்வது என்று தீர்மானித்தோம். டெம்ப்லாட் மென்பொருளில் 1-க்கு 8 கோணத்தில் வார்ப்புத்தாள் அச்சிட்டு, செப்புப் பூச்சுப் பட்டைகளைக் கட்டைகளாக வெட்டி ஒட்டி, அவற்றின் மேல் தண்டவாளத்தைப் பற்றவைத்தோம். 11 பாயிண்டுகள் என்றால் இந்த வேலையை யாரும் நினைத்துப்பார்க்கவே முடியாது.

தண்டவாள உயரத்தை மாதிரி உலகில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகக் குறிப்பார்கள். கோட் 100 என்பது 2.54 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 221 மி.மீ. வருகிறது, இன்றைய கனமான 60 கிலோ தண்டவாளமே 172 மி.மீ.தான். அன்றைய மீட்டர் பாதையின் 75 பவுண்டுத் தண்டவாளம் 128.6 மி.மீ. உயரம், மாதிரியில் 1.48. கோட் 55 என்பது 1.4 மி.மீ., கிட்டத்தட்ட அதேதான். கோட் 55-ஐப் பயன்படுத்தினால் சக்கர விளிம்புகளும் நுட்பமாக இருக்க வேண்டும், பற்றவைப்பு உள்பக்கம் வழிந்துவிடக்கூடாது. மறைவான பகுதிகளில் ஆயத்தப் பாதையையே போட்டோம். கோட் 55 கிடைக்காதவர்கள் வருந்த வேண்டியதில்லை. தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருநிறம் பூசினாலே உயரம் பாதி மறைந்துவிடும்.

தண்டவாளம் நிக்கல் சில்வராக இருப்பது கடற்கரை ஊரில் முக்கியம். எஃகு துருப்பிடிக்கும், பித்தளையில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை உப்புவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீர் தாங்கும் ரக பிளைவுட்டையே எடுத்து, வெட்டிய விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் வண்ணம் பூசினோம். பலகைகளின் இணைப்பில் பாயிண்டு வராதபடி இணைப்புகளின் இடத்தை வரைபடத்திலேயே குறித்துக்கொண்டோம்.

நிலம்

தண்டவாளம் சமதளப் பலகையின் மேல் ஒட்டப்பட்டிருப்பது மாதிரிப் பாதைகளில் எங்கும் காணும் குறை. பாகூர்ப் பக்கம் நிலம் தட்டையானது, மழைக்காலத்தில் நீர் நிற்கும். அங்கே பாதை போடுபவர் கரை எழுப்பித்தான் போடுவார். எனவே பாதைக்கு மட்டும் பிளைவுட் பட்டையை உயர்த்திப் பொருத்தி, வயல்களை 18 மி.மீ. தாழ்த்தினோம், உண்மையில் ஒன்றரை மீட்டர் கரை. கரை இருந்தால் நீர் கடக்கச் சிறுபாலம் வேண்டும். வேலையற்ற அந்த 89 செ.மீ.இல் ஏரியின் வாய்க்கால் ஒன்று பாதைக்கு அடியில் போகிறது. மலையும் சுரங்கமும் போய்விட்டதால், பாதை மறைவு யார்டுக்குள் நுழையும் இடத்தை ஒரு சாலை மேம்பாலமும் அதன் இருபுறமும் தென்னந்தோப்பும் மறைக்கின்றன.

நிலையத்தைப் பலகை விளிம்புக்கு இணையாக வைக்கவில்லை. 3 பாகை சாய்த்ததில், 4 மீட்டர் ஓட்டத்தில் பாதை 21 செ.மீ. விலகுகிறது. விளிம்புக்கு இணையாக ஓடும் தண்டவாளம் பலகையைத்தான் நினைவூட்டும். சாய்ந்து ஓடினால் ரயில்வே முதலில் வந்தது, பலகை பிறகு வெட்டப்பட்டது என்ற எண்ணம் வரும். அறைத் தரையிலிருந்து தண்டவாளம் வரை 1.3 மீட்டர் உயரம் வைத்தோம், நாற்காலியில் அமர்ந்தால் நடைமேடையில் நிற்பவரின் பார்வை கிடைக்கும்.

ஓட்டிப் பார்த்தது

தண்டவாளமும் மூன்று பாயிண்டுகளும் போட்டு முடித்தபோது, மரமோ கட்டடமோ எதுவும் இல்லாத நிலையிலேயே பெரியவரை அழைத்துக் காட்டினோம். பச்சைப் பலகை மேல் வெறும் தண்டவாளம். கலப்பு வண்டி உள்ளே வந்து நின்றது. நண்பர் என்ஜினைக் கழற்றி, சுற்றி, வேகன்களை எடுக்கும் வரை பெரியவர் ஒன்றும் பேசவில்லை. என்ஜின் எல்லைப் பலகையைத் தாண்டிச் சற்று வெளியே வந்தபோது மட்டும், “டோக்கன் வாங்காம அதுக்கு மேல போவக்கூடாது சார்” என்று கையை நீட்டினார். அன்று மாலைக்குள், ஒற்றைப்பாதையில் நுழைய அனுமதியாக ஓட்டுநரிடம் ஓர் உருண்டையைக் கொடுக்கும் நீல் பந்து டோக்கன் முறைக்கு ஏற்ப இரண்டு எஃகு உருண்டைகளும் ஒரு மரப்பெட்டியும் தயாராயின. இப்போது உருண்டை கைக்கு வராமல் எந்த வண்டியும் மேம்பாலத்தைத் தாண்டுவதில்லை.

ஒரு நாள் அட்டவணையில் இரண்டு பயணி வண்டிகளும் ஒரு கலப்பு வண்டியும் உள்ளன. நெல் அறுவடைக் காலத்துக்கென்று சிறப்புச் சரக்கு வண்டி ஒன்றையும் நண்பர் சேர்த்திருக்கிறார். அது வரும் நாள்களில் சைடிங்கின் 64 செ.மீ. போதவில்லை. முட்டுப்பக்கம் இன்னும் இரண்டு வேகனுக்கு நீட்டிக்க இடம் இருக்கிறது. நீட்டினால் உரம் இறக்கும் கொட்டகையும் தள்ளிப்போக வேண்டும், கொட்டகைக்கு வரும் மாட்டுவண்டிப் பாதையும் திரும்ப வேண்டும். அட்டைத் துண்டுகளோடு மறுபடி தரையில் உட்கார்ந்திருக்கிறோம்.